ஒப்பாரியை மேடையேற்றிய பேராசிரியர்

போன மாதம் திரௌபதி அம்மன் கோயில் கூத்தைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, என்னோடு தபால் ஆபீசில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் விருத்தாசலத்திலிருந்து போன் செய்தார். எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். "ஏங்க, டைரக்டர்னா சினிமாவுக்கு மட்டும்தானே? நாடகத்துக்கும் டைரக்டர்னு ஒருத்தர் உண்டா? அவருக்கு என்ன வேலை?"

நியாயமான கேள்விதான். நம் வயதுக்காரர்கள் பார்த்த கூத்தில் வாத்தியார் உண்டு. ஸ்பெஷல் நாடகத்திலும் வாத்தியார் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகளையே வாத்தியார்களுக்கெல்லாம் வாத்தியார் என்றுதான் சொல்வார்கள். வாத்தியார் பாட்டு சொல்லிக் கொடுப்பார், அடவு சொல்லிக் கொடுப்பார், தப்புச் செய்தால் தாளக்கட்டையால் போடுவார். ஆனால் டைரக்டர், இயக்குநர் என்று ஒருவர் திரைக்குப் பின்னால் நின்று முழு நாடகத்தையும் தன் மனசில் கண்டபடி அமைக்கிறார் என்பது நமக்குப் பின்னால் வந்த வழக்கம்.

அப்படி ஓர் இயக்குநரைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதலாம் என்று அப்போதே முடிவு செய்தேன். பேராசிரியர் சே. இராமானுஜம். 1935ல் திருநெல்வேலிச் சீமை நாங்குநேரியில் பிறந்தவர். 2016 டிசம்பரில் தஞ்சாவூரில் காலமானார். அவரோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் அவருக்கு நான் பட்ட கடன் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1983ல் என் அப்பா இறந்தார். அப்போது நான் விருத்தாசலத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தந்தி கொடுக்கிற ஆபீசிலேயே வேலை பார்த்தவனுக்குச் சேதி ஆள் மூலம் வந்தது. நான் பெண்ணாடம் வந்து சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பெண்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். நடுவில் என் அத்தை, அப்பாவுக்கு மூத்தவள், ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தாள். சுற்றுப்பட்ட ஊர்களில் எங்கே சாவு விழுந்தாலும் அத்தையைக் கூப்பிடுவார்கள். அவள் குரல் அப்படி.

மதியம் ஆபீசிலிருந்து நாலைந்து பேர் மாலையோடு வந்தார்கள். மேலதிகாரி ஒருவரும் வந்திருந்தார். வெளியூர்க்காரர், வெள்ளைச் சட்டை, அமைதியான மனிதர். அவர் வந்து நின்ற நேரத்தில்தான் அத்தையின் குரல் உச்சத்துக்குப் போனது. தலைமயிர் அவிழ்ந்து கிடக்க, மாரில் அடித்துக்கொண்டு, அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாடினாள். எனக்கு உடம்பு கூசியது. அவர் என்ன நினைப்பாரோ, நாம் இன்னும் பட்டிக்காடாகவே இருக்கிறோமே என்று தோன்றியது. குனிந்து அத்தையின் காதருகே சொன்னேன்.

"போதும் அத்தை, நிறுத்து. ஆபீசுலேருந்து வந்திருக்காங்க. பார்க்கறாங்க."

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நிறுத்திவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்த அதிகாரி என்னிடம் எதுவும் சொல்லவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. கூச்சம் முழுக்க என்னுடையதுதான்.

நம் பக்கத்து ஒப்பாரியில் மனைவி பாடுவது ஒரு மாதிரி, மகள் பாடுவது ஒரு மாதிரி, உடன்பிறந்தவள் பாடுவது இன்னொரு மாதிரி என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். அண்ணன் தம்பி செத்துப்போனால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கதவு அடைபட்டுப் போகிறது. இனி சீர் கொண்டு வர ஆள் இல்லை, ஆடிக்கு அழைக்க ஆள் இல்லை. அதையெல்லாம் அவள் சொல்லி அழ ஊர் கொடுத்திருக்கிற இடம் அந்தப் பந்தல் ஒன்றுதான். அந்த இடத்திலிருந்து நான் அவளை எழுப்பிவிட்டேன். இது எனக்கு அன்று விளங்கவில்லை.

அதற்குச் சில வருடங்கள் கழித்துத் தஞ்சாவூருக்கு மாற்றலாகிப் போனேன். பெண்ணாடத்தில் ரயிலேறினால் அரியலூர், திருச்சி, அங்கே இறங்கி மாறித் தஞ்சாவூர். குடும்பம் ஊரிலேயே இருந்தது. அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சாயங்காலத்தில் வேறு வேலை கிடையாது. பக்கத்து அறையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் படித்த பையன் ஒருவன் இருந்தான். ஒருநாள், "சார், எங்க நாடகத்துறை பேராசிரியர் ஒரு நாடகம் போடறார், வாங்க" என்று கூப்பிட்டான். எனக்கு நாடகம் என்றால் நெய்வேலிக்கு மெட்ராஸ் சபாக்காரர்கள் வந்து போடுவதுதான். ஒரு சோபா, ஒரு டெலிபோன், ஒரு சமையல்காரர், நிமிடத்துக்கு ஒரு ஜோக். அதை எதிர்பார்த்துத்தான் போனேன்.

நாடகத்தின் பெயர் 'வெறியாட்டம்'. எழுதி இயக்கியவர் இராமானுஜம். மூலக்கதை கிரேக்க நாட்டுடையது. கி.மு. 415ல் யூரிப்பிடிஸ் என்ற நாடகாசிரியர் ஏதென்சில் அரங்கேற்றிய 'ட்ரோஜன் பெண்கள்'. டிராய் நகரத்துப் போர் முடிந்துவிட்டது. ஆண்கள் எல்லோரும் செத்துவிட்டார்கள். அரசி ஹெகூபாவும் மற்றப் பெண்களும் எந்தக் கப்பலில் யாருக்கு அடிமையாகப் போகப் போகிறோம் என்று தெரியாமல் எரிகிற ஊருக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். பேரப்பிள்ளையைக் கோட்டைச் சுவரிலிருந்து வீசிக் கொன்றுவிடுகிறார்கள். கதை அவ்வளவுதான். திருப்பம் கிடையாது, சண்டை கிடையாது. அழுகைதான் நாடகம்.

அதை அவர் எழுதியதற்கு முந்தின வருடம் ஏதென்ஸ் படை மெலோஸ் என்ற சிறு தீவைப் பிடித்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. வென்ற ஊர்க்காரர்கள் முன்னாலேயே, தோற்ற ஊர்ப் பெண்களின் அழுகையை மேடையில் வைத்தார் அந்த மனிதர்.

கிரேக்க நாடகத்தில் கோரஸ் என்று ஒரு கூட்டம் உண்டு. பாடும், ஆடும், நடப்பதைக் கண்டு புலம்பும். அந்தக் காலத்து ராகம் இன்னது என்று முழுதாகச் சொல்ல இன்று ஆளில்லை. சுவடி மட்டும் மிஞ்சி, இசை போய்விட்டது. ஆகவே உலகம் முழுக்க அந்த நாடகங்களைப் போடுகிறவர்களுக்கு ஒரே திண்டாட்டம், அந்தக் கூட்டத்தை என்ன செய்வது என்று. இராமானுஜம் அதற்குக் கண்ட வழி, ஒப்பாரி. டிராய் நகரத்துப் பெண்கள் தஞ்சாவூர் மேடையில் நம் ஊர்ப் பந்தலில் அழுகிற மாதிரி அழுதார்கள்.

நான் அங்கே உட்கார்ந்திருந்தது எப்படி என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. முதல் குரல் எழும்பியதுமே எங்கள் வாசல் பந்தல் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. அதே இழுப்பு, அதே விம்மல், வார்த்தை முடிகிற இடத்தில் அதே மூச்சு வாங்கல். நான் யார் பார்த்துவிடுவார்களோ என்று வெட்கப்பட்டு நிறுத்திய அதே பாட்டு. அங்கே பேராசிரியர்கள், அதிகாரிகள், படித்தவர்கள் அத்தனை பேரும் ஓசைப்படாமல் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முன் வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது இலங்கையில் ஊர்கள் எரிந்துகொண்டிருந்த காலம். மண்டபம் முகாமிலிருந்து வருகிற கடிதங்களைத் தினமும் பிரித்துக் கட்டுகிறவன் நான். எந்தக் கடற்கரையில் எந்தப் பெண்கள் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த மனிதர் யார் என்று விசாரிக்கத் தொடங்கினேன்.

இராமானுஜம் காந்திகிராமத்தில் ஆசிரியராக இருந்தவர். திண்டுக்கல் பக்கத்தில் இருக்கிற அந்தக் கல்வி நிலையத்தில் அவருக்கு வாய்த்த பெரிய நட்பு ஜி. சங்கரப்பிள்ளை என்ற மலையாள நாடகாசிரியர். அறுபதுகளில் இராமானுஜம் டெல்லி தேசிய நாடகப் பள்ளிக்குக் குறுகிய காலப் பயிற்சிக்குப் போய்வந்தார். அப்போது அந்தப் பள்ளிக்கு இயக்குநர் இப்ராகிம் அல்காசி. நாடகம் என்பது பாட்டும் வசனமும் மட்டுமல்ல, ஒளி, இடம், உடம்பு, மௌனம் எல்லாமே என்று ஒரு தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

1967ல் கேரளத்தில் சங்கரப்பிள்ளையும் நண்பர்களும் நாடகக் களரி என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். களரி என்றால் பயிற்சிக் களம். அதில் இராமானுஜமும் சேர்ந்து உழைத்தார். பிறகு திருச்சூரில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி 1977ல் சங்கரப்பிள்ளை தலைமையில் தொடங்கியபோது இவரும் அங்கே கற்பித்தார். இன்றும் மலையாள நாடகக்காரர்கள் இவரைத் தங்கள் ஆசானாகச் சொல்கிறார்கள். நாங்குநேரிக்காரர் ஒருவர் மலையாளத்துக்கு நாடக ஆசான் ஆனார். தமிழ்நாட்டில் அவர் பெயர் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

அதே 1977ல் காந்திகிராமத்தில் தேசிய நாடகப் பள்ளியின் துணையோடு ஒரு நீண்ட பயிற்சி முகாம் நடந்தது. தமிழில் நவீன நாடகம் என்று இன்று சொல்வதற்கு அந்த முகாம் ஒரு தொடக்கம். அதில் கலந்துகொண்ட மு. ராமசாமி மறு வருடம் மதுரையில் நிஜ நாடக இயக்கம் தொடங்கினார். சென்னையில் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கியதும் 1977தான். நாம் எல்லோரும் சினிமாக் கொட்டகை வாசலில் நின்ற வருடங்களில் இவ்வளவும் நடந்திருக்கிறது.

பிறகு எண்பதுகளில் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத்துறைக்கு வந்தார். அங்கே படித்த பையன்கள் அவரைப் பற்றிச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. கூத்து, தேவராட்டம், உடுக்கைப் பாட்டு எதைப் பார்த்தாலும் 'இது பழசு, இது புதுசு' என்று பிரிக்க மாட்டாராம். சின்னக் குழந்தைகளோடு நாடகம் போடுவதில் அவருக்குத் தனி ஈடுபாடு. குழந்தை நாடகத்துக்கென்றே நிறைய உழைத்திருக்கிறார்.

நண்பர் கேட்ட கேள்விக்கு இங்கே ஒரு பதில் சொல்லலாம். இயக்குநரின் வேலை என்பது எதை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பது. ஒப்பாரி இராமானுஜம் கண்டுபிடித்ததல்ல. கிரேக்க நாடகமும் அவருடையதல்ல. இரண்டையும் ஒரே பந்தலில் உட்கார வைத்ததுதான் அவர் செய்த காரியம்.

மேல்நாட்டில் 'ஆபரா' என்று ஒன்று உண்டு. வசனமே இல்லாமல், அல்லது பெயருக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு, பாட்டாகவே நடக்கும் நாடகம். சுமார் 1600ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரத்தில் அது பிறந்தது. அது பிறந்த காரணம்தான் வேடிக்கை. பழைய கிரேக்க நாடகங்களைப் பாட்டாகவே பாடியிருப்பார்கள் என்று அங்கே சில அறிஞர்கள் நம்பினார்கள். அதை மீட்டெடுக்கப் போகிறோம் என்று தொடங்கி, புதிதாக ஒன்றைச் செய்துவிட்டார்கள். நாளாக ஆக அது வெல்வெட்டுத் திரை, பெரிய மண்டபம், விலை உயர்ந்த டிக்கெட் என்று ஆகிவிட்டது.

பீட்டர் புரூக் என்ற ஆங்கில இயக்குநரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1985ல் பிரான்சில் அவிஞ்ஞோன் நகருக்குப் பக்கத்தில் ஒரு கல்குவாரியில் மகாபாரதத்தை ஒன்பது மணி நேர நாடகமாகப் போட்டவர். அவரும் இளவயதில் லண்டனின் பெரிய ஆபரா அரங்கில் வேலை பார்த்தவர்தான். அந்த ஆடம்பரத்தோடு ஒத்துப்போகாமல் வெளியேறினார். பல வருடம் கழித்து 1981ல் பாரிசில் பழைய கொட்டகை ஒன்றில் 'கார்மென்' என்ற புகழ்பெற்ற ஆபராவை எடுத்து, கூட்டத்தையும் ஜோடனையையும் வெட்டித் தள்ளிவிட்டு, சில பாடகர்களையும் சின்ன வாத்தியக் குழுவையும் மட்டும் வைத்து நடத்தினார். பெரியதைச் சுருக்கி உயிரைத் தேடியவர் அவர். நம்மவருக்குச் சுருக்க வேண்டிய தேவையே இல்லை. கிரேக்கத்துக் கோரஸ் போன்ற ஒன்று நம் சாவு வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. நாம்தான் அதைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தோம்.

நம் ஊர் பாரதக் கூத்தில் படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் விழுந்த பிறகு காந்தாரி அழுவாளே, அதை நினைத்துப் பாருங்கள். பெண் வேடம் கட்டிய ஆண்தான் அழுகிறான் என்று தெரிந்தும் சுற்றியிருக்கிற பெண்கள் எல்லோரும் மூக்கைச் சிந்துவார்கள். யூரிப்பிடிஸ் எழுதியது போலவே தோற்றவன் தாயின் அழுகை. அதை ஐந்து வயதிலிருந்து பார்த்தவன் நான். ஆனால் கூத்து என்றால் படிக்காதவர்களுக்கு, நாடகம் என்றால் படித்தவர்களுக்கு என்று மனசில் சுவர் கட்டி வைத்திருந்தேன்.

இனி அவருடைய இன்னொரு காரியம். என் கணக்கில் இதுதான் பெரியது. ஓய்வு பெற்றதும் ஈஸிசேரைத் தேடுகிற நமக்கெல்லாம் இது ஒரு பாடமும்கூட. அப்போது அவருக்கு வயது 64.

நாங்குநேரிக்குப் பக்கத்தில் திருக்குறுங்குடி என்று ஒரு திவ்ய தேசம். அங்கே அழகிய நம்பி கோயிலில் கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசி இரவில் ஒரு நாடகம் நடக்கும். ஸ்ரீரங்கத்தில் அதே ராத்திரி பெருமாளுக்கு 365 வஸ்திரம் சாத்திக் கைசிக புராணம் வாசிப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். திருக்குறுங்குடியில் அந்தப் புராணத்தை நாடகமாகவே ஆடுவார்கள்.

கதை இது. நம்பாடுவான் என்று ஒரு பாணர். தாழ்ந்த குலம் என்று கோயிலுக்குள் விடமாட்டார்கள். வெளியே நின்று பாடிப் பெருமாளைத் துயில் எழுப்புவது அவர் விரதம். ஏகாதசி இரவில் காட்டு வழியே வரும்போது ஒரு பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான். 'பாடிவிட்டுத் திரும்பி வந்து உனக்கு இரையாகிறேன்' என்கிறார் நம்பாடுவான். அவன் நம்பவில்லை. பதினெட்டுச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டுப் போய்ப் பாடுகிறார். திரும்பும் வழியில் பெருமாளே கிழவர் வேடத்தில் வந்து, 'வேறு வழியாய்ப் போய்ப் பிழைத்துக்கொள்' என்கிறார். மாட்டேன் என்று சொன்ன சொல்லைக் காப்பாற்ற ராட்சசனிடமே வந்து நிற்கிறார். அதைப் பார்த்த ராட்சசனுக்கு மனம் மாறிவிடுகிறது. 'உன்னைத் தின்ன வேண்டாம், உன் பாட்டின் பலனைக் கொடு' என்று கெஞ்சுகிறான். கடைசியில் கைசிகப் பண்ணில் பாடிய பாட்டின் பலனை அவர் கொடுக்க, அவனுக்குச் சாபம் தீர்கிறது. அவன் பூர்வத்தில் யாகத்தில் தவறு செய்த பிராமணன். ஒரு பிராமணனுக்குப் பாணர் விமோசனம் கொடுக்கிறார் என்பதுதான் கதை.

நம்பாடுவான் பெருமாளைப் பார்க்க வேண்டும் என்று கொடிமரம் ஒதுங்கியதாம். அங்கே கொடிமரம் நேர்க்கோட்டில் இல்லாமல் விலகித்தான் நிற்கிறது. சிதம்பரத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. நந்தனாருக்காகத் திருப்புன்கூரில் நந்தி விலகியதை கோபாலகிருஷ்ண பாரதியார் பாட்டாகவே பாடி வைத்துவிட்டாரே. எங்கள் பெண்ணாடத்து நந்தியும் முறைப்படி நிற்பவர் அல்ல. பிரளய வெள்ளத்தைத் தடுக்க வாசல் பக்கம் திரும்பியவர் அப்படியே இருந்துவிட்டார். காரியம் ஆகவேண்டுமென்றால் முறையை மாற்றி நிற்கலாம் என்று நம் கோயில்களே சொல்லிக்கொண்டிருக்கின்றன.

அந்தக் கைசிக நாடகத்தைப் பரம்பரையாக ஆடி வந்தவர்கள் கோயிலைச் சேர்ந்த தேவதாசிப் பெண்கள். 1947ல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. வந்திருக்கவே வேண்டிய சட்டம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வழக்கத்தோடு சேர்த்து அந்தப் பெண்கள் வைத்திருந்த பாட்டும் ஆட்டமும் வெட்கப்பட வேண்டியவை ஆகிவிட்டன. நாடகம் தேய்ந்து, பேருக்கு நடக்கிற சடங்கு என்ற அளவுக்கு வந்துவிட்டது.

1999ல் நடனக் கலைஞர் அனிதா ரத்னத்தின் அரங்கம் அறக்கட்டளையோடு சேர்ந்து இராமானுஜம் அதை மீட்டெடுத்தார். நினைவில் வைத்திருந்த முதியவர்களைத் தேடிப் பிடித்து, பழைய பிரதியை வைத்துக்கொண்டு, விட்டுப்போன பாட்டையும் ஆட்டத்தையும் கோத்துக் கொண்டுவந்தார்கள். பழையபடி பெண்களை வைத்தே, அதே கோயிலில், அதே இரவில். டெல்லியில் பயின்றவர், கிரேக்க நாடகம் போட்டவர், தனக்குத் தெரிந்த வித்தையை எல்லாம் அதில் ஏற்றிக் காட்டியிருக்கலாம். விளக்குப் போட்டு, சுழலும் மேடை போட்டு, சென்னையில் டிசம்பர் சீசனுக்குக் கொண்டு போகிற மாதிரி ஆக்கியிருக்கலாம்.

2009ல், ஓய்வு பெற்ற மறு வருடம், நெல்லை எக்ஸ்பிரசில் விருத்தாசலத்தில் ஏறி, திருநெல்வேலியில் இறங்கி, பஸ் பிடித்துத் திருக்குறுங்குடி போய் நானே அந்த நாடகத்தைப் பார்த்தேன். மலையடிவாரம், நல்ல குளிர். மண்டபத்தில் தரையில்தான் உட்கார வேண்டும். என் முழங்கால் அப்போதே தகராறு. மெதுவாகத்தான் போகும் நாடகம் அது. இடையில் இரண்டு தடவை கண் அசந்துவிட்டேன், பொய் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த பாட்டிமார்கள் நாடகம் பார்க்க வந்தவர்களாகவே தெரியவில்லை. விரதம் இருந்து சாமி கும்பிட வந்தவர்கள். நம்பாடுவான் திரும்பி வந்து ராட்சசன் முன்னால் நிற்கிற இடத்தில் அவர்கள் கைகூப்பினார்கள். ராட்சசனாக ஆடியதும் பெண், நம்பாடுவானாக ஆடியதும் பெண். அது யாருக்கும் வித்தியாசமாகவே படவில்லை.

இயக்குநர் எங்கே என்று தேடினால் தெரியவில்லை. அவர் கை பட்ட இடம் எதுவும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. நம்பிக்கு முன்னால் நடக்கிற காரியத்தில் தன் பெயர் தெரியக்கூடாது என்று நினைத்திருப்பார் போல. 2008க்கான சங்கீத நாடக அகாதமி விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது 73 வயது.

புதுமை என்றால் வெளியிலிருந்து கொண்டுவருவது என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். இராமானுஜத்தின் வாழ்க்கையைப் பார்த்தால், நாம் வெட்கப்பட்டு மூலையில் போட்டதை எடுத்துத் தூசி தட்டி நடுவில் வைத்தவர் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. சாவு வீட்டுப் பெண்களின் அழுகை, கோயில் தாசிகளின் ஆட்டம். இரண்டும் மரியாதைப்பட்டவர்கள் முன்னால் காட்டக்கூடாதவை என்று நாம் தீர்மானித்தவை.

அத்தை கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். வெறியாட்டம் பார்த்த அந்த வாரக் கடைசியில் ஊருக்கு வந்தேன். அத்தை திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, தஞ்சாவூரில் இப்படி ஒரு நாடகம் பார்த்தேன், அதில் உன் மாதிரியே பாடினார்கள், பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் உட்கார்ந்து கேட்டார்கள் என்று சொன்னேன். "நாடகத்துலயா? யாரு செத்துட்டாங்களாம்?" என்று கேட்டாள். கதையைச் சொன்னேன். பேரப்பிள்ளையைச் சுவரிலிருந்து வீசியதைச் சொன்னபோது கீரையை அப்படியே வைத்துவிட்டு, "அடப்பாவிங்களா" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாவுக்குப் பாடினியே, அதை ஒருதரம் சொல்லேன் அத்தை" என்று கேட்டேன். டேப் ரிக்கார்டர்கூட இரவல் வாங்கி வந்திருந்தேன்.

"அதெல்லாம் மறந்து போச்சுடா" என்றாள். "தொண்டையும் போச்சு. சாவு இல்லாம ஒப்பாரி சொல்லக்கூடாது, வூட்டுக்கு ஆகாது."

மறந்திருக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். 1983க்குப் பிறகு எந்தச் சாவு வீட்டிலும் அவள் ஒப்பாரி சொல்லவில்லை என்பதைப் பிறகு அவள் மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கூப்பிட்டால், "இப்ப யாருக்கு அது வேணும்" என்று சொல்லிவிட்டு ஓரமாய் உட்கார்ந்திருப்பாளாம். 1996ல் அவளும் போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு ஒப்பாரி சொல்ல அவள் அளவுக்கு ஆள் இல்லை.

இப்போது நம் பக்கத்தில் சாவு விழுந்தால் வாசலில் ஸ்பீக்கர் கட்டி, பதிவு செய்த ஒப்பாரிப் பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். அம்மாவுக்கு ஒரு பாட்டு, அப்பாவுக்கு ஒரு பாட்டு. செத்தவர் பெயர் அதில் வராது. இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் தெருவில் ஒரு துக்கம். வழக்கம்போல ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. செத்தவருக்குத் தங்கை முறை, எண்பது வயசு இருக்கும், உடல் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ முனகிக்கொண்டிருந்தார். உதடு அசைவதை வைத்துத்தான் பாடுகிறார் என்று தெரிந்தது. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

நான் எழுந்து போய் அந்த மைக்செட் பையனிடம், "தம்பி, கொஞ்ச நேரம் நிறுத்துப்பா" என்றேன். அவன் அந்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்தான். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். நிறுத்தினார்கள். அந்த அம்மாள் ஏழெட்டு நிமிஷம் பாடினார். குரல் உடைந்துதான் இருந்தது. எல்லோரும் கேட்டோம்.

உங்கள் வீட்டில் ஒப்பாரியோ, தாலாட்டோ, நடவுப் பாட்டோ தெரிந்த பெரியவர்கள் இருந்தால் கேட்டு வையுங்கள். இப்போது எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது, டேப் ரிக்கார்டர் இரவல் வாங்க வேண்டியதில்லை. ஒப்பாரியை வீட்டில் வைத்துச் சொல்ல மாட்டேன் என்பார்கள். வற்புறுத்த வேண்டாம். கொல்லைப்பக்கமோ ஆற்றங்கரையோ போய் உட்கார்ந்து கேட்டால் சிலர் சொல்லக்கூடும். நான் அன்றைக்கு அத்தையை வெள்ளாற்றங்கரைக்குக் கூட்டிப் போய்க் கேட்டிருக்கலாம். அந்த யோசனை இப்போதுதான் வருகிறது.

அடுத்த மாதம் பார்ப்போம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.